காது மெசினைச் சரியாகப் போடுவது எப்படி? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் காது மெசின் ஒன்று லாச்சிக்குள் கிடக்கிறது. பிள்ளைகள் பெரிய காசு கொடுத்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்திருப்பார்கள். "போட்டால் கூவுது", "காதுக்குள்ள நிக்குதில்லை", "எல்லாம் ஒரே இரைச்சல்" என்று சொல்லிக் கொஞ்ச நாளில் கழற்றி வைத்துவிடுவார்கள். எடுத்துப் பார்த்தால் பல சமயம் கருவியில் ஒரு குறையும் இராது. காதில் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

நானும் இரண்டு காதிலும் கருவி போடுகிறேன். அக்கம்பக்கத்து முதியவர்களுக்குப் போடப் பழக்கியும் கொடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: கருவி யாருடைய காதுக்கோ, அவருடைய கைதான் அதைப் போடப் பழக வேண்டும். மகள் போட்டுவிட்டு வேலைக்குப் போன பிறகு அது கழன்றால், மாலையில் அவள் வரும்வரை அந்த அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது.

எனக்குத் தந்திருப்பது எந்த வகைக் கருவி?

கையில் எடுத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் வளைந்த உடம்பு, அதிலிருந்து வரும் தடித்த தெளிவான குழாய், குழாயின் முனையில் உங்கள் காதுக்கே அளவெடுத்துச் செய்த அச்சு என்று இருந்தால் அது பின்காதுக் கருவி. அந்த அச்சைக் கிளினிக்கில் மோல்ட் என்பார்கள். உடம்பு சிறியதாக, தடித்த குழாய்க்குப் பதில் மெல்லிய வயர் இருந்து, அதன் முனையில் ரிசீவரும் (சத்தம் வரும் சின்ன ஸ்பீக்கர்) சிலிக்கன் தொப்பியும் இருந்தால் அது இப்போது அதிகம் விற்கப்படும் வகை. அந்தத் தொப்பியின் பெயர் டோம். வயருக்குப் பதில் ஊசி போன்ற மெல்லிய குழாய் உள்ளதும் உண்டு. போடும் முறை ஒன்றுதான்.

காதுக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் எல்லாமே காதுக்குள் அடங்கினால் உட்காதுக் கருவி. அதில் காதுக் குழி முழுவதையும் நிரப்புவதும் இருக்கிறது, துளைக்குள்ளேயே மறைந்துவிடுவதும் இருக்கிறது. சட்டைப் பையில் வைக்கும் பெட்டி, அதிலிருந்து காதுக்குப் போகும் வயர் என்ற பழைய வகையையும் சிலர் பாவிக்கிறார்கள்.

வகை தெரிந்த பிறகு யூடியூப் பாருங்கள். உட்காதுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மோல்ட் போடும் வீடியோவைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

வலது எது, இடது எது?

சிவப்பு வலது, நீலம் இடது. எந்தக் கம்பனியின் கருவியானாலும் இதுதான் வழக்கம். பின்காதுக் கருவிகளில் இந்த நிறப் புள்ளி உடம்பின் உட்பக்கத்திலோ பற்றரிக் கதவுக்கு அருகிலோ இருக்கும். வயர் உள்ளதில் ரிசீவரின் மேலும் இருக்கும். உட்காதுக் கருவிகளில் எழுத்தையோ எண்ணையோ அந்த நிறத்தில் அச்சடித்திருப்பார்கள். சிலவற்றில் ஓடே சிவப்பும் நீலமுமாக இருக்கும்.

மோல்ட் உள்ளதை மாற்றிப் போட முயன்றால் காது ஏற்காது, உடனே தெரிந்துவிடும். டோம் உள்ளது அப்படியல்ல. மாற்றிப் போட்டாலும் உள்ளே போய்விடும். ஆனால் இரண்டு காதுக்கும் கேட்கும் அளவு வேறாக இருக்கலாம், கருவியையும் காதுக்குக் காது வேறாகவே அமைத்திருப்பார்கள். "நேற்று நல்லாக் கேட்டது, இன்றைக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது நிறப் புள்ளியைத்தான். அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு வலது கருவியின் உடம்பில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு பொட்டு வைக்கலாம். மைக்கின் துளையிலும் கதவின் விளிம்பிலும் படக்கூடாது.

போடத் தொடங்குமுன் என்ன ஆயத்தம் வேண்டும்?

மேசை முன்னால் கதிரையில் உட்காருங்கள். மேசையில் ஒரு துவாயை விரித்து, கண்ணாடி ஒன்றையும் வையுங்கள். கை ஈரமில்லாமல், கிறீமோ எண்ணெயோ இல்லாமல் இருக்க வேண்டும். குளியலறை பேசினுக்கு மேலே நின்று போடாதீர்கள். விழுந்தால் ஒன்று உடையும், அல்லது குழாய்க்குள் போய்விடும்.

மோல்ட் உள்ள பின்காதுக் கருவியை எப்படிப் போடுவது?

இதைத்தான் அதிகம் பேர் பிழையாகப் போடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மோல்ட், பிறகுதான் உடம்பு. உடம்பை முதலில் காதில் மாட்டிவிட்டால் குழாய் இழுபட்டு மோல்ட்டைத் திருப்ப இடம் இராது. வலக்காதுக்குப் போடும்போது வலக்கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மோல்ட்டின் வெளிப்பக்கத்தைப் பிடியுங்கள். குழாயைப் பிடிக்க வேண்டாம். மோல்ட்டில் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி காதுத் துளைக்குள் போவது. பெரும்பாலான மோல்ட்டில் மேல்பக்கம் ஒரு சிறு கொம்பும் இருக்கும். அது காதின் மேல்மடிப்புக்குள் செருக வேண்டியது.

கொம்பு சற்று முன்பக்கம், அதாவது கன்னப் பக்கம் சரிந்தபடி இருக்க, நீட்டுப் பகுதியைத் துளைக்குள் விடுங்கள். உள்ளே போனதும் மோல்ட்டைப் பின்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். அப்போது கொம்பு மடிப்புக்கு அடியில் போய்ச் செருகும். மற்றக் கையைத் தலைக்கு மேலாக அல்லது பின்னாலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் துளை நேராகும், மோல்ட் இலகுவாக உள்ளே போகும். கையை அப்படித் தூக்க முடியாதவர்கள் வாயைத் திறந்து மூடினால் போதும். தாடை அசையும்போது துளையின் வடிவம் மாறி இடம் கொடுக்கும்.

கடைசியாக மோல்ட்டின் நடுவில் விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, உடம்பைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் மாட்டுங்கள். குழாய் முறுக்கில்லாமல் காதின் வளைவோடு ஒட்டி வர வேண்டும்.

இப்போது கண்ணாடியைப் பார்க்காமல் விரலால் காதைத் தடவிப் பாருங்கள். மோல்ட்டின் விளிம்பு எங்கேயாவது தட்டுப்படுகிறதா? பெரும்பாலும் அந்த மேல்கொம்புதான் மடிப்புக்கு வெளியே நிற்கும். அதனால் இரண்டு தொல்லை வரும்: கருவி கூவும், பின்னேரம் ஆகும்போது காதின் மேல்பகுதி நோகும். நோகிறது என்றதும் மோல்ட் பெரிதாகிவிட்டது என்று நினைத்துக் கிளினிக்குக்கு ஓடுகிறார்கள். அதற்குமுன் கொம்பைச் செருகிப் பாருங்கள். செருகியும் நோவு இருந்தால் தேய்த்துக் கொடுக்கச் சொல்லலாம். வீட்டில் அரத்தாலோ கத்தியாலோ தேய்க்காதீர்கள்.

கழற்றும்போது உடம்பை முதலில் காதுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். பிறகு கொம்பை விடுவித்து, மோல்ட்டை முன்பக்கமாகத் திருப்பி வெளியே எடுங்கள். குழாயைப் பிடித்து இழுத்தால் அது மோல்ட்டிலிருந்து கழன்று வரும், அல்லது ஒருநாள் கிழியும்.

மெல்லிய வயரும் டோமும் உள்ளதை?

இங்கே வரிசை மறுபக்கம். உடம்பை முதலில் காதுக்கு மேலே மாட்டுங்கள், பிறகு டோமை உள்ளே விடுங்கள். வயர் டோமோடு சேரும் இடத்தில், வளைவுக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, துளைக்குள் மெல்லத் தள்ளுங்கள். எதிர்ப்பு வந்தால் நிறுத்திக் காதைப் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி தள்ளுங்கள்.

எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை வயரே காட்டும். கன்னத்துக்குப் பக்கத்தில் வயர் தோலோடு ஒட்டிப் படுத்திருந்தால் சரி. வெளியே வளைந்து நின்றால் டோம் இன்னும் உள்ளே போகவில்லை. ஆழமாகப் போகப் பயந்து வாசலிலேயே விட்டுவிடுகிறவர்கள் பலர். வாய் அசையும்போது அது மெல்ல வெளியே வரும், சத்தம் குறையும், நாங்கள் பற்றரியைக் குறை சொல்வோம். நல்ல ஆழம் வரை தள்ளியும் வயர் ஒட்டவில்லை என்றால் வயரின் நீளம் உங்கள் காதுக்குப் பொருந்தவில்லை. அதற்கு வேறு நீளங்கள் இருக்கின்றன, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சில கருவிகளில் வயரிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் வால் தொங்கும். அதை வேண்டாத துண்டு என்று வெட்டிவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். டோம் வெளியே வராமல் பிடித்து வைப்பதற்குத்தான் அது. டோமை உள்ளே விட்ட பிறகு, வாலின் நுனியை விரலால் காதுக் குழியின் அடிப்பகுதிக்குள் வளைத்துச் செருகி விடுங்கள்.

குழி முழுவதையும் நிரப்பும் உட்காதுக் கருவி?

மோல்ட் போடுகிற அதே முறை, உடம்பு மாட்டும் வேலை மட்டும் இல்லை. பற்றரிக் கதவு வெளியே பார்க்க வேண்டும். துளைக்குள் போகும் பகுதியை முன்னால் விட்டு, மெல்லப் பின்பக்கம் திருப்பி, மேல்பகுதியை மடிப்புக்குள் செருகி, நடுவில் அழுத்துங்கள். கதவின் மேல் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தால் கதவு தளர்ந்துபோகும்.

துளைக்குள் மறைந்துவிடும் சின்னக் கருவி? அதை எடுக்கவே பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். துளையின் உள்வளைவும் கருவியின் வடிவமும் அதைச் செவிப்பறைவரை போகவிடாது. இந்த வகையில் பெரும்பாலும் ஒரு மெல்லிய நைலோன் நூலும் அதன் நுனியில் ஒரு சிறு குமிழும் இருக்கும். போடும்போது அந்த நூல் வெளியே, பொதுவாகக் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். நூல் மேலே இருந்தால் கருவியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆள்காட்டி விரல் நுனியால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருங்கள், இடையிடையே வாயைத் திறந்து மூடுங்கள். எடுக்கும்போது குமிழைப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். சிக்கினால் கொட்டாவி விடுவது போல் வாயைப் பெரிதாகத் திறந்து, காதுச் சோணைக்குப் பின்னால் விரலால் கொஞ்சம் அழுத்துங்கள், தளர்ந்து வரும். நூல் அறுந்துவிட்டால் சாமணம், கொண்டை ஊசி எதையும் உள்ளே விடாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

என் அபிப்பிராயம்: கை நடுங்குகிறவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் இந்த வகை வேண்டாம். வெளியே தெரியக்கூடாது என்பதற்காக வாங்கிவிட்டு, தினமும் போட முடியாமல் கஷ்டப்படுகிறார்கள்.

பெட்டி வகையை எங்கே வைப்பது?

நெஞ்சுப் பக்கத்தில், மைக் வெளியே பார்க்கும்படி. சேலைக்கும் சட்டைக்கும் உள்ளே வைத்தால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும்.

போட்டதும் விசில் அடிக்கிறது. கருவி பழுதா?

முதல் சந்தேகம் கருவி மேல் வர வேண்டாம். காதுக்குள் போக வேண்டிய சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்குக்குள் போவதால்தான் விசில் வருகிறது. ஆகவே கசிவு எங்கே என்று தேடுங்கள்.

போடும்போது, கட்டிப்பிடிக்கும்போது, தலையணையில் சாயும்போது கூவினால் அது இயல்பு. போட்டு முடித்துக் கையை எடுத்த பிறகும் கூவினால், கழற்றி முழுதாக மறுபடி போடுங்கள். நின்றுவிட்டதா? சரி, உட்காராததுதான் காரணம். நிற்கவில்லையா? கருவியைக் கழற்றி, ஓன் ஆக இருக்கும்போதே மோல்ட்டின் சத்தம் வரும் துளையை விரலால் இறுக்கி மூடுங்கள். விசில் நின்றால் கருவியும் குழாயும் நன்றாக இருக்கின்றன. மோல்ட்தான் காதுக்குத் தளர்ந்துவிட்டது, அல்லது காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறது. மூடிய பிறகும் கூவினால் குழாயில் வெடிப்பு இருக்கலாம், அல்லது கருவிக்குள்ளேயே கசிவு. அந்தக் குழாய் நாட்பட மஞ்சளாகி விறைத்துப்போகும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிறிய வேலைதான்.

மெலிந்தால் காதும் மாறும். பெரிய வருத்தம் ஒன்றிலிருந்து எழும்பியவர்களுக்கு முன்பு இறுக்கமாக இருந்த மோல்ட் தளர்வது சகஜம்.

ஒன்று செய்ய வேண்டாம்: விசிலை நிறுத்தச் சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒன்றும் கேட்காத அளவுக்குக் கொண்டுபோவது. அதோடுதான் பல கருவிகள் லாச்சிக்குப் போகின்றன.

கிளினிக்கில் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் விளக்கினார்கள். அம்மாவுக்கு விளங்கவில்லை. இனி என்ன செய்வது?

கொழும்பில் இது எங்கள் ஆட்களுக்கு மெய்யான கஷ்டம். கேட்கும் குறையும் மொழியும் சேர்ந்து வரும்போது, அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். கூடப் போன மகனுக்கோ மகளுக்கோ விளக்கம் சொல்லப்படும், அம்மாவின் கை கருவியைத் தொட்டே இராது.

போடுவதைப் பழக மொழி அதிகம் தேவையில்லை, கை தேவை. அடுத்த முறை போகும்போது ஓடியோலஜிஸ்ட்டிடம், அதாவது காதைச் சோதித்துக் கருவியை அமைத்துத் தருபவரிடம், இப்படிக் கேளுங்கள்: "நீங்கள் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், பிறகு அம்மா தானே போட்டுக் கழற்றட்டும், நீங்கள் பார்த்துத் திருத்துங்கள்." அம்மா தனியாகப் போட்டுக் காட்டும்வரை கதிரையை விட்டு எழும்ப வேண்டாம். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள். அது உங்களுக்குச் சேர வேண்டிய நேரம். சரியாக உட்கார்ந்திருக்கும்போது அம்மாவின் காதைப் பக்கவாட்டில் போனில் ஒரு படம் எடுங்கள், போடுவதை ஒரு வீடியோவும் எடுங்கள். வேறொருவரின் காதைக் காட்டும் எந்த வீடியோவையும் விட அது உதவும். வீட்டில் சந்தேகம் வந்தால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலத் துறைக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. முறையாகப் படித்த ஓடியோலஜிஸ்ட்டிடம் போங்கள். காதைச் சோதிக்காமல் பெட்டியை மட்டும் விற்கும் இடத்தில் உங்கள் காதுக்கு அமைத்துத் தர ஆள் இருக்காது.

அப்பாவின் கை நடுங்குகிறது. நாங்களே போட்டுவிடுவதுதானே நல்லது?

முழுதாக முடியாதவருக்குப் போட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் பலருக்கு முழுதாக முடியாமல் இல்லை, மெதுவாகத்தான் முடியும். காலையில் அவசரம் இல்லாத நேரமாகப் பாருங்கள். முழங்கைகளை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள், நடுக்கம் குறையும். முதல் வாரம் ஒரு காதுக்கு மட்டும் பழகட்டும். அவர் பாதி போட்டதும் உங்கள் கை முந்திப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் பாசத்தினாலேயே இதைக் கெடுத்துவிடுகிறோம்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், பெரிய மோல்ட் உள்ள, சார்ஜ் செய்யும் வகையைக் கேளுங்கள். நடுங்கும் விரலுக்குக் கருவியைப் போடுவதைவிடச் சின்னப் பற்றரியை மாற்றுவதுதான் கஷ்டம்.

நீங்கள் போட்டுவிடும்போது அவருக்கு முன்னால் நிற்காதீர்கள், எந்தக் காதோ அந்தப் பக்கமாக நில்லுங்கள். அப்போதுதான் துளை நேரே தெரியும். தொடுமுன் தோளில் தட்டிச் சொல்லுங்கள். கருவி இல்லாத நேரத்தில் உங்கள் குரல் அவருக்குக் கேட்காது.

மூக்குக் கண்ணாடி, மாஸ்க், ஹெல்மெட், தோடு?

கண்ணாடிக்காரர் பலருக்குக் கருவியை முதலில் மாட்டி, கண்ணாடியின் காலை அதற்கு வெளியே வைப்பது வசதி. சிலருக்கு மாறி வைத்தால்தான் சரிவரும். இரண்டையும் பாருங்கள். கழற்றும்போது இரண்டு கையாலும் கண்ணாடியை நேரே முன்னால் எடுக்க வேண்டும். ஒரு கையால் பக்கவாட்டில் இழுத்தால் கருவியும் சேர்ந்து பறக்கும். மாஸ்க் நாடாவும் அப்படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கும் அவசரத்தில் மாஸ்க்கைக் கழற்றும்போது கருவி காலி வீதியில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. தலைக்குப் பின்னால் கட்டும் மாஸ்க் நல்லது.

ஹெல்மெட் போடுமுன் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். தோடு தடையில்லை. மாட்டல் போடுகிறவர்கள் அதன் சங்கிலி வயரோடு சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எண்ணெய் முழுக்கு நாளில் என்ன செய்வது? காதுக்குள் எண்ணெய் விடலாமா?

முழுக்குக்கு முன் கழற்றி வேறு அறையில் வையுங்கள். தலை காய்ந்து, காதின் வெளிப்பக்கத்தைத் துவாயால் ஒற்றி எடுத்த பிறகு போடுங்கள். காதுக்குள் நல்லெண்ணெய் விடும் பழக்கம் எங்கள் வீடுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. கருவி போடுகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டும். எண்ணெய் ரிசீவரின் வலைக்குள் போய் அடைக்கும், மோல்ட் வழுக்கி வெளியே வரும். மோல்ட் இறுக்கமாக இருந்தால் தேங்காய் எண்ணெயோ வஸலினோ பூச வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல் ஒரு துளி போதும். பவுடர், செண்ட், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகே கருவி.

கொழும்பு வெக்கையில் வியர்த்து ஒழுகுகிறது. கருவி தாங்குமா?

குழாய்க்குள் சிறு நீர்த்துளி நின்றாலே சத்தம் விட்டுவிட்டு வரும், அல்லது நின்றுவிடும். மோல்ட் உள்ள கருவியில் குழாயை உடம்பின் மேல்முனையிலுள்ள வளைந்த கொக்கியிலிருந்து கழற்றி, ஊதும் சின்ன ரப்பர் பந்தால் ஊதினால் துளி வெளியேறும். வாயால் ஊத வேண்டாம், மூச்சிலும் ஈரம் இருக்கிறது. இரவில் கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பற்றரி வகையானால் பற்றரியை வெளியே எடுத்துவிட்டு. சார்ஜ் செய்யும் வகையில் சிலவற்றின் சார்ஜரே ஈரத்தையும் உலர்த்தும்.

மோல்ட்டை மட்டும், கருவியிலிருந்து கழற்றிய பிறகு, இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு கழுவலாம். முழுதாகக் காய்ந்த பிறகே திரும்பப் பூட்ட வேண்டும். டோம் வகையும் உட்காது வகையும் தண்ணீரைத் தொடக்கூடாது, உலர்ந்த துணியும் தூரிகையும்தான். நித்திரைக்குப் போகுமுன் கட்டாயம் கழற்றுங்கள். நாள் முழுவதும் மூடிக் கிடந்த காதுக்குக் காற்றுப் பட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பற்றரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

பற்றரியின் அளவை ஒட்டுத் தாளின் நிறமே சொல்லும்: 10 மஞ்சள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். அந்தத் தாளை உரித்ததும் காற்று உள்ளே போய்த்தான் பற்றரி வேலை செய்யத் தொடங்குகிறது. ஆகவே பாவிக்கும் அன்று மட்டும் உரியுங்கள். திரும்ப ஒட்டினாலும் மிச்சம் பிடிக்க முடியாது. உரித்து ஒரு நிமிடமாவது, முடிந்தால் ஐந்து நிமிடம், வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். தாள் ஒட்டியிருந்த தட்டைப் பக்கம்தான் கூட்டல் பக்கம். கதவு மூட மறுத்தால் அழுத்தாதீர்கள், பற்றரி தலைகீழாக இருக்கிறது. இரவில் கதவைத் திறந்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வழக்கம் வேண்டாம், எடுத்ததும் ஈரம் பிடிக்கும்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் பழைய பற்றரியையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பிள்ளை விழுங்கிவிட்டாலோ மூக்குக்குள், காதுக்குள் போட்டுவிட்டாலோ வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொழும்பில் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது. வாகனம் இல்லாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

போனில் கதைத்தால் மட்டும் கேட்பதில்லை. ஏன்?

போனைக் காதுத் துளையில் வைக்கிறீர்கள். பின்காது வகையிலும் டோம் வகையிலும் மைக் காதின் மேலே இருக்கிறது. போனின் சத்தம் வரும் பகுதியைக் காதின் மேல்விளிம்புக்கு உயர்த்தி, கொஞ்சம் விலக்கிப் பிடியுங்கள். ரொறன்ரோவிலிருந்து வரும் வாட்ஸ்அப் கோலுக்கு ஸ்பீக்கரில் போட்டு, திரையில் முகத்தையும் பார்த்துக் கதைப்பது இன்னும் நல்லது. உதட்டசைவும் உதவும்.

என் குரலே உள்ளே அதிர்ந்து கேட்கிறது. பிழையாகப் போட்டிருக்கிறேனா?

காது அடைபட்டதால் வரும் உணர்வு அது. முதலில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மோல்ட்டில் அல்லது டோமில் காற்றுப் போக விட்டிருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியானால் சில வாரங்களில் பழகும். பழகாவிட்டால் திறந்த டோம் அல்லது பெரிய காற்றுத் துளை உதவுமா என்று கேளுங்கள். முதல் நாட்களில் வீட்டுக்குள் சில மணி நேரம் போட்டுப் பழகிவிட்டு, அப்புறம் சந்தைக்கும் கோயிலுக்கும் போங்கள். முதல் நாளே ஆடிவேல் கூட்டத்துக்குள் தவில், நாதஸ்வரத்தோடு போட்டுப் பார்த்தால் கருவியே வெறுத்துவிடும்.

கழற்றிப் பார்த்தால் டோமைக் காணவில்லை.

காதுக்குள் இருக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விரலால் எடுக்கலாம். உள்ளே இருந்தால் தோண்டாதீர்கள், தண்ணீர் விடாதீர்கள், அன்றைக்கே காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் போங்கள். புது டோம் பூட்டும்போது அது கடைசிவரை ஏறிப் பிடித்திருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைக்கு?

பிள்ளையின் காது வளரும், மோல்ட் வளராது. கைக்குழந்தைக்கு அடிக்கடி புது மோல்ட் எடுக்க வேண்டி வரும். இன்று கூவாதது அடுத்த மாதம் கூவினால் அதுதான் காரணம். பிடுங்கி எறிகிற வயதில் கருவியைச் சட்டையோடு இணைக்கும் நூலும் கிளிப்பும், திறக்க முடியாத பற்றரிக் கதவும் கேட்டு வாங்குங்கள்.

எப்போது கருவியை விட்டுவிட்டு டொக்டரைப் பார்க்க வேண்டும்?

காதிலிருந்து சீழோ இரத்தமோ வந்தால், தோல் புண்ணானால், தலைசுற்றோடு காது நொந்தால் கருவியைப் போடாமல் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று, ஒரு நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில், கேட்காமல் போனால் பற்றரியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவு இருக்கிறது. போகும்போது கருவியையும் மோல்ட்டையும் பழைய கேட்டல் சோதனை அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.